அண்டத்தின் முடிவை எழுதியவர்: ஜமால் நஸ்ருல் இஸ்லாம்

வங்கதேசத்தின் கோட்பாட்டு இயற்பியலாளர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜமால் நஸ்ருல் இஸ்லாம் (1939-2013). ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டிலும், அண்டம் முழுவதன் தோற்றம், வளர்ச்சி, முடிவு ஆகியவற்றைக் கணிதத்தின் துணையோடு ஆராயும் அண்டவியலிலும் அவர் செய்த பணிகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியே நூல்களாக வெளிவந்து, இன்றும் ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகின்றன. லண்டனில் உறுதியான கல்விப் பணியும் உலகின் முன்னணி ஆய்வு நிலையங்களின் அழைப்பும் கையில் இருந்த 45ஆம் வயதில், அவற்றை விட்டுச் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் சில ஆயிரம் டாக்கா (வங்கதேச நாணயம்) ஊதியத்துக்குப் பணியேற்று, எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார் என்பதும், ஆங்கிலத்தில் எழுதிய அதே பொருளைத் தம் தாய்மொழியாகிய வங்காளத்திலும் எழுதினார் என்பதுமே அவருடைய வாழ்க்கையை பெரும்பாலான அறிவியலாளர்களின் வாழ்க்கையிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

மேற்கு லண்டனில் ஹவுன்ஸ்லோவிலும் அதையொட்டிய ஃபெல்தம், ஐல்வொர்த், ஹெஸ்டன் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த வாழ்க்கையை அறிந்துகொள்ளத் தனிக் காரணம் உண்டு. பிள்ளைகள் அறிவியலும் பொறியியலும் மருத்துவமும் படிக்க வேண்டும் என்பதற்காக இரவுப் பணி பார்த்தும் பகுதிநேர வேலை பார்த்தும் பொருள் சேர்க்கின்ற பெற்றோர்கள், படித்து முடித்த பிள்ளை தான் பெற்ற அறிவை எந்த மொழியில், யாருக்குத் திருப்பித் தரப்போகிறது என்ற கேள்வியைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அந்தக் கேள்வியை எழுப்பி, அதற்கு விடையாகத் தம் வாழ்க்கையையே அமைத்துக்கொண்டவர் இஸ்லாம்.

அறிவியல் வரலாற்றில் ஹவுன்ஸ்லோவின் பெயர் ஏற்கெனவே இடம்பெற்றதுதான். 1784இல் வில்லியம் ராய் என்ற படை அதிகாரி, இன்றைய ஹீத்ரோ விமான நிலையத்தின் ஓரத்திலிருந்து ஹாம்ப்டன் வரை, ஹவுன்ஸ்லோ ஹீத் என்ற பொட்டலின் குறுக்கே ஓர் அடிக்கோட்டை மிகத் துல்லியமாக அளந்தார். அடிக்கோடு என்பது, நாடு முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளப்பதற்கு முன்னால் தரையில் நேரடியாக அளக்கப்படும் முதல் நேர்கோடாகும். அதே முறையில் 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையின் அருகே அளந்த அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியாவின் பெரும் முக்கோண அளவீடு தொடர்ந்து வளர்ந்தது. அந்த அளவீட்டுத் துறையில் கணக்கீட்டாளராகப் பணியாற்றி, பின்னர் எவரெஸ்ட் எனப் பெயர் பெற்ற சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்பதைக் கணித்துக் காட்டிய ராதாநாத் சிக்தார் ஒரு வங்காளி. பெண்களும் எளிதில் படிக்கும்படியான பேச்சு நடை வங்காளத்தில் 1854இல் தம் நண்பருடன் இணைந்து ஒரு மாத இதழையும் அவர் நடத்தினார். கணக்குப் போடும் கையே தாய்மொழியிலும் எழுத வேண்டும் என்ற எண்ணம் வங்காளத்தில் அத்தனை பழமையானது.

டிரினிட்டியின் வழியில்

இஸ்லாம் 1939 பிப்ரவரி 24 அன்று, அவருடைய தந்தை நீதித்துறையில் முன்சீப்பாகப் பணியாற்றிவந்த ஜெனைதாவில் பிறந்தார். பள்ளிப் படிப்பு சிட்டகாங்கிலும், பிரிவினைக்குப் பின் மேற்குப் பாகிஸ்தானாகிவிட்ட நிலப்பகுதியில் உள்ள மர்ரி மலைநகரின் லாரன்ஸ் கல்லூரியிலும் நடந்தது. இளங்கலைப் படிப்பு கல்கத்தாவின் புனித சேவியர் கல்லூரியில் அமைந்தது. பதின்பருவம் முடிவதற்குள் ஒரே துணைக்கண்டத்தின் மூன்று பெரும் நிலப்பகுதிகளில் படித்தவர், அங்கிருந்து கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்று, 1959இல் கணிதத்தில் பட்டம் பெற்று, 1964இல் முனைவரானார்.

டிரினிட்டி என்ற பெயர் தமிழர் செவிக்குப் புதிதன்று. கும்பகோணத்து ராமானுஜன் 1918இல் ஃபெலோவாகத் தேர்வு செய்யப்பட்ட கல்லூரி அது. சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து 1933இல் முனைவர் பட்டம் பெற்ற கல்லூரியும் அதுவே. அவ்விரு தமிழர்களுள் சந்திரசேகரின் ஆராய்ச்சி இஸ்லாமின் வாழ்நாட் பணியைத் தொட்டுச் செல்கிறது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் ஒன்று, சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்படாத வரையில்தான் வெண்குறுமீன் என்ற அடர்ந்த சிறு உருண்டையாக நிலைகொள்ள முடியும் என்பது சந்திரசேகர் 1930இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் வந்தபோதே கணிக்கத் தொடங்கிய எல்லை. அந்த எல்லையைத் தாண்டிய விண்மீன்களுக்கு நியூட்ரான் விண்மீன், கருந்துளை என்ற வேறு முடிவுகளே காத்திருக்கின்றன. ஒரு விண்மீனின் முடிவைப் பற்றிச் சந்திரசேகர் கேட்ட வினாவை, அண்டம் முழுவதற்குமாக விரித்துக் கேட்டவர் என இஸ்லாமைச் சொல்லலாம்.

அவருடைய தொடக்க ஆய்வுகள் துகள் இயற்பியலைச் சார்ந்தவை. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் கழித்தபின், 1967இல் கேம்பிரிட்ஜில் ஃபிரெட் ஹாயில் நிறுவிய கோட்பாட்டு வானியல் கழகத்தில் சேர்ந்த காலத்திலிருந்தே அவர் சார்பியலின் பக்கம் முழுமையாகத் திரும்பினார். ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் மராட்டியரான ஜயந்த் நார்லிக்கரும் அதே கூரையின் கீழ்ப் பணியாற்றிய ஆண்டுகள் அவை. நார்லிக்கர் 1972இல் இந்தியாவுக்குத் திரும்பி, பின்னர்ப் புனேயில் வானியல் ஆய்வு மையம் ஒன்றை நிறுவியதோடு, மராத்தியில் அறிவியல் புனைகதைகளை எழுதி, தம் தன்வரலாற்றுக்காக 2014இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். ஒரே கழகத்திலிருந்து புறப்பட்ட இருவர், ஒருவரையொருவர் பின்பற்றாமலே, தத்தம் நிலத்துக்கும் தத்தம் மொழிக்கும் திரும்பினர் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. காலனி ஆட்சி முடிந்து வளர்ந்த தலைமுறையின் மனப்போக்கு அதில் தெரிகிறது.

கால்டெக், வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகிய அமெரிக்க நிறுவனங்களுக்குப் பிறகு 1973இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கும், 1975இல் கார்டிஃப் நகருக்கும் சென்ற இஸ்லாம், 1978இல் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து ரீடர் பதவிக்கு உயர்ந்தார். ரீடர் என்பது பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியருக்கு அடுத்த படியாகும். கிளார்க்கன்வெல்லில் நார்த்தாம்ப்டன் சதுக்கத்தில் அமைந்துள்ள அப்பல்கலைக்கழகம் 2024இல் புனித ஜார்ஜ் மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து சிட்டி செயின்ட் ஜார்ஜஸ் என்ற பெயரில் இயங்குகிறது. ஹவுன்ஸ்லோவிலிருந்து பிக்கடில்லி தடத்தில் நாள்தோறும் மத்திய லண்டனுக்குச் செல்லும் தமிழ் மாணவர்களில் பலருக்கு அந்த வளாகம் பழகிய இடமாக இருக்கலாம். சார்பியலில் குவாண்டம் அல்லாத பகுதிக்காகவே ஒரு மாநாடு 1983 டிசம்பரில் அங்கு நடந்ததும், அதன் கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களில் ஒருவராக இஸ்லாம் இருந்ததும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

விண்மீன்கள் அணைந்த பிறகு

இஸ்லாமின் பெயரை நிலைநிறுத்தியது, அண்டத்தின் முடிவு பற்றி அவர் 1977இல் அரச வானியல் கழகத்தின் காலாண்டிதழில் எழுதிய ஒரு கட்டுரை. அண்டம் எப்படித் தொடங்கியது என்பது பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்டீவன் வைன்பர்க் முதல் மூன்று நிமிடங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல் வெளிவந்ததும் அதே 1977இல்தான். முடிவைப் பற்றிய ஆய்வு கற்பனையாளர்களுக்கு உரியது, கணக்கிடுவோருக்கு உரியதன்று என்ற எண்ணம் பரவியிருந்த நிலையில், தெரிந்த இயற்பியல் விதிகளை மட்டும் கொண்டு, அண்டம் என்றென்றும் விரிந்துகொண்டே போனால் என்ன நிகழும் என்பதை அவர் படிப்படியாகக் கணக்கிட்டார்.

அக்கணக்கின் ஒரு பகுதியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். அண்டத்தின் இப்போதைய வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். இதை எழுதப் பதினோர் இலக்கங்கள் போதும். புதிய விண்மீன்கள் பிறப்பது நின்று, இருப்பவையும் எரிந்து தீர்வதற்கு, 1க்குப் பின் 14 சுழிகள் இட்டால் வரும் எண்ணிக்கையிலான ஆண்டுகள் ஆகும். அப்போது ஒரு விண்மீன் மண்டலத்தில் (கேலக்ஸியில்) எஞ்சுபவை குளிர்ந்துபோன வெண்குறுமீன்களும், நியூட்ரான் விண்மீன்களும், கருந்துளைகளுமே. ஒளியற்ற அப்பொருள்கள் தம் ஈர்ப்பால் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்க, மிக அரிதாக இரண்டு நெருங்கிக் கடக்கும். அப்படிக் கடக்கையில் ஒன்று வேகம் பெற்று மண்டலத்தை விட்டே வெளியேற, மற்றொன்று வேகம் இழந்து நடுவை நோக்கிச் சரியும். கொதிக்கும் நீரிலிருந்து விரைவு மிகுந்த மூலக்கூறுகள் ஆவியாகி வெளியேறுவதைப் போன்ற நிகழ்ச்சி இது. சுழிகளின் எண்ணிக்கை இருபதைத் தாண்டி முப்பதை நெருங்கும் காலத்தில், வெளியேறியவை போக எஞ்சியவை அனைத்தும் நடுவில் ஒரே பெருங்கருந்துளையாகச் சேர்ந்துவிடும்.

கதை அத்துடன் முடிவதில்லை. கருந்துளையும் மிக மெதுவாகக் கதிர்வீசித் தன் நிறையை இழக்கும் என்று ஹாக்கிங் 1974இல் காட்டியிருந்தார். சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளை மறைய அறுபதுக்கும் மேற்பட்ட சுழிகளும், விண்மீன் மண்டலம் அளவு நிறையுள்ளது மறைய நூறு சுழிகள் அளவும் கொண்ட ஆண்டுக் கணக்கு தேவைப்படும். சைவ, வைணவ நூல்களில் கற்பம், மகாகற்பம் என்ற கால அளவுகளைப் படித்துப் பழகிய தமிழ் மனத்துக்குக்கூட இவ்வெண்கள் எட்டாதவை. ஆயினும் அவற்றுள் ஒவ்வொன்றும் ஈர்ப்பு, வெப்ப இயக்கவியல், குவாண்டம் இயற்பியல் ஆகியவற்றின் சமன்பாடுகளிலிருந்து வருவிக்கப்பட்டது என்பதில்தான் அக்கட்டுரையின் பெருமை இருக்கிறது.

பிரின்ஸ்டனில் இருந்த ஃப்ரீமன் டைசன், இஸ்லாம் தமக்கு அனுப்பிய கட்டுரையின் முதல் வரைவே தொலை எதிர்காலத்தைப் பற்றித் தம்மைத் தீவிரமாக எண்ணவைத்தது என்பதை 1979இல் வெளியிட்ட தம் நெடுங்கட்டுரையில் நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார். அவ்வளவு குளிர்ந்த, அவ்வளவு வெறிச்சோடிய அண்டத்திலும், அறிவுள்ள உயிர் தன் ஆற்றல் செலவைக் குறைத்து நெடுந்துயில் கொண்டு தொடர்ந்து வாழ இயலுமா என்று டைசன் அதில் ஆராய்ந்தார். இன்று ஒரு தனித் துணைத்துறையாகவே வளர்ந்திருக்கும் இந்த ஆய்வுப் பாதையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று, ஜெனைதாவில் பிறந்த ஒருவர் எழுதிய சில பக்கங்கள்.

அக்கட்டுரையின் விரிவாக்கமே 1983இல் வெளிவந்த 'தி அல்டிமேட் ஃபேட் ஆஃப் தி யூனிவர்ஸ்' என்ற நூல். 150 பக்க அளவிலான அச்சிறு நூல், உயர்நிலைப் பள்ளி அறிவியலோடு நின்றுவிட்டவரும் தொடர்ந்து படிக்கத்தக்க தெளிவோடு எழுதப்பட்டது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஹாக்கிங்கின் காலச் சுருக்க வரலாறு உலகைக் கவர்ந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான். 1998இல் அண்டத்தின் விரிவு முடுக்கம் பெறுகிறது என்று கண்டறியப்பட்டபோது, அண்டம் மீண்டும் சுருங்கக்கூடும் என்ற மாற்றுச் சாத்தியம் பின்தள்ளப்பட்டு, இஸ்லாம் விரிவாக ஆராய்ந்த என்றும் விரியும் அண்டமே முன்னுக்கு வந்தது. சுழலும் பொருள்கள் தம்மைச் சுற்றியுள்ள காலவெளியை எவ்வாறு வளைக்கின்றன என்பதை ஆராயும் 'ரொட்டேட்டிங் ஃபீல்ட்ஸ் இன் ஜெனரல் ரிலேட்டிவிட்டி' 1985இலும், கணித அண்டவியலுக்கான அறிமுக நூல் 1992இலும் வந்தன. இவை துறையினருக்கு உரியவை.

1983, 1984

இரு ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இந்த வாழ்க்கையைத் தமிழ் வாசகர் முழுமையாக உணர இயலாது. 1983இல் சந்திரசேகர் நோபல் பரிசு பெற்றார். கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய அவருடைய பெருநூலும் அதே ஆண்டில் வந்தது. இஸ்லாமின் நூலும் அதே ஆண்டில்தான் வந்தது. அந்த ஆண்டின் ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் ஊரையும் நாட்டையும் விட்டு ஓட நேர்ந்தது. 1984இல் இஸ்லாம் லண்டனை விட்டுச் சொந்த மண்ணுக்குத் திரும்பினார். அதே காலத்தில் ஈழத்தமிழர்கள் சொந்த மண்ணை விட்டு லண்டனுக்கு வந்துகொண்டிருந்தனர். 1985இல் பிரித்தானிய அரசு இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. 1987 பிப்ரவரியில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் ஹீத்ரோ விமான நிலையத்தில் தம் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். ஹவுன்ஸ்லோவின் வீடுகளிலிருந்து அது கூப்பிடு தூரம்.

ஆகவே, இஸ்லாமின் திரும்புதலை எடுத்துக்காட்டி, புலம்பெயர்ந்த தமிழ் அறிவியலாளரிடம் ஏன் திரும்பவில்லை என்று கேட்பது நேர்மையாகாது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, பாகிஸ்தான் படையின் தாக்குதலைத் தடுக்க முன்வருமாறு பிரித்தானியப் பிரதமருக்கு இஸ்லாம் எழுதியதாக வங்கதேசத்தார் நினைவுகூர்கின்றனர். அந்தப் போர் அவருக்குத் திரும்பிச் செல்ல ஒரு நாட்டைத் தந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததையும், அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்ட போரையும் கண்ட மக்களுக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்து, தம் பெயரால் வழங்கும் ஒரு தேற்றத்தைத் தந்த ஈழத்துக் கணித அறிஞர் கிறிஸ்டி ஜெயரட்ணம் எலியேசர் கூட, மலாயாவுக்கும் பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் சென்று அங்கேயே வாழ்ந்து மறைந்தார்.

இஸ்லாமின் திரும்புதலுக்கு இரண்டாவது பக்கம் ஒன்று உண்டு. அதற்கு விசாவும் வேண்டியதில்லை, நாடும் வேண்டியதில்லை. அது மொழிக்குத் திரும்புவது.

வங்காளத்தில் எழுதிய அறிவியலாளர்

சிட்டகாங்கில் அவர் கணித, இயற்பியல் ஆய்வு மையம் ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்குள் நிறுவி, முனைவர் பட்ட மாணவர்களை வழிநடத்தியதோடு, வெளிநாட்டு அறிஞர்களை அங்கு வரவழைத்துக் கருத்தரங்குகளும் நடத்தினார். அந்த மையம் இப்போது அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அதற்கு இணையாக அவர் கருதிய பணி வங்காளத்தில் எழுதுவது. கருந்துளையைப் பற்றி 'கிருஷ்ண பிபர்' என்ற நூலை எழுதினார்; 1952 வங்காள மொழிப் போராட்டத்தின் விளைவாகத் தோன்றிய பங்களா அகாதெமி அதை வெளியிட்டது. தாய்மொழியும் அறிவியல் பயில்வும் என்ற பொருளிலும், கலை, இலக்கியம், சமூகம் என்ற பொருளிலும் கட்டுரைத் தொகுப்புகள் வந்தன. மொழிப் போரில் உயிர்நீத்தோர் நினைவாக வழங்கப்படும் ஏகுஷே பதக் என்ற உயரிய விருதை அரசு அவருக்கு அளித்தது.

இவ்வழியில் அவர் தனி ஆளாக நடக்கவில்லை. மைமன்சிங்கில் பிறந்த ஜகதீச சந்திர போஸ் 1896இலேயே வங்காளத்தில் அறிவியல் புனைகதை எழுதினார். டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது ஐன்ஸ்டைனுக்குக் கட்டுரை அனுப்பி உலகப் புகழ் பெற்ற சத்யேந்திரநாத் போஸ், வங்காளத்தில் அறிவியலைப் பரப்ப 1948இல் ஒரு கழகத்தையும் இதழையும் தொடங்கினார். 1937இல் அண்டத்தைப் பற்றி எளிய நூல் ஒன்றை எழுதிய தாகூர், அதைச் சத்யேந்திரநாத் போஸுக்கே காணிக்கையாக்கினார். ஒரு மொழியின் தலைசிறந்த கவிஞரும் தலைசிறந்த இயற்பியலாளரும் ஒரே நூலின் முதற்பக்கத்தில் சந்தித்துக்கொண்ட மரபு அது.

தமிழிலும் தொடக்கம் குறைவானதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1860களிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். பெ. நா. அப்புசாமி தம் நீண்ட வாழ்நாள் முழுவதும் தமிழில் அறிவியல் எழுதினார். பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வந்தது. ஆயினும் கிரீன் அயல்நாட்டவர், அப்புசாமி வழக்கறிஞர், தூரன் கவிஞர். ஆய்வுக்கூடத்தில் புதியதைக் கண்டவரே அதைத் தமிழில் எழுதியது அரிது. ராமானுஜனும் சந்திரசேகரும் எழுதியவை எல்லாம் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. வங்காளத்துக்குக் கிடைத்த ஒன்று தமிழுக்கு இன்னும் போதிய அளவு கிடைக்கவில்லை என்ற ஆதங்கத்தால் சொல்ல வேண்டியிருக்கிறது.

2013 மார்ச் 16 அன்று, 74ஆம் வயதில், இஸ்லாம் சிட்டகாங்கில் மறைந்தார். அண்டத்தின் முடிவு பற்றிய அவருடைய நூலை, பாத் ரோட்டில் உள்ள ஹவுன்ஸ்லோ ஹவுஸ் நூலகத்தில் இல்லையென்றாலும், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருமாறு கேட்கலாம். உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் படிக்கும் பிள்ளை உள்ள ஒவ்வொரு தமிழ் வீடும் அதை ஒரு முறையேனும் எடுத்து வந்து படிக்க வேண்டும். மேற்கு லண்டனின் மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு செய்துவரும் தமிழ் மருத்துவர்களும் அறிவியலாளர்களும், தம் துறையில் தாமே கண்டறிந்த ஒன்றைப் பற்றி, ஆண்டுக்கு ஒரு கட்டுரையாவது தமிழில் எழுதி இதழ்களுக்கு அனுப்ப முன்வர வேண்டும்.